எதிராளியின் ஜாதகம்

டாக்டர், சாஃப்ட்வேர், பேங்க் என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடிக்கக்கூடிய வேலைகள் உண்டு. கல்யாண புரோக்கர்களுக்குப் பிடித்தவை. ஒரு பத்தி எழுதி விளக்க வேண்டிய வேலைகளும் இப்போது நிறைய வந்துவிட்டன. என் தங்கை பெண் பார்ப்பது இரண்டாவது ரகம். தேர்தல் ஆலோசனை நிறுவனம் ஒன்றில் 'ரிசர்ச் அசோசியேட்'. என்ன ரிசர்ச் என்று கேட்டால் 'ஆப்போ' என்பாள். ஆப்பு அல்ல, ஆப்போ. ஆப்போசிஷன் ரிசர்ச் என்பதன் செல்லப்பெயர். (ஆப்பு என்று காதில் விழுந்தாலும் அர்த்தம் ரொம்பக் கெடாது.)

மேற்கு மாம்பலத்தில் இருக்கும் என் தங்கை, கேட்கிறவர்களிடம் 'டேட்டா அனலிஸ்ட்' என்று சொல்லிச் சமாளிக்கிறாள். அவளுக்கு உள்ளூரப் பயம், பெண் ஏதோ சி.ஐ.டி. வேலை பார்க்கிறாள் என்று.

வேலை இதுதான். எதிரணியில் நிற்கப்போகும் வேட்பாளர் இதுவரை என்ன பேசினார், எதற்குக் கை தூக்கினார், என்ன வாங்கினார், யாரோடு கூட்டு, எந்த கேஸ் நிலுவையில் இருக்கிறது என்று தேடி, தேதிவாரியாக அடுக்கி, ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் இணைத்து ஃபைலாக்கிக் கொடுப்பது. மாறுவேஷம், ரகசிய கேமரா எதுவும் கிடையாது. முக்கால்வாசி நேரம் ஏ.சி. அறையில் உட்கார்ந்து பி.டி.எஃப். படிக்கிறாள். கண்ணாடி பவர் ஏறியிருக்கிறது.

சம்பளம், ஐ.டி. கார்டு, லேப்டாப் எல்லாம்தான் புதுசு, வேலை பழசு. எழுபதுகளில் மயிலாப்பூர் மாங்கொல்லையில் கூட்டம் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியும். பேச்சாளர் ஒரு கட்டத்தில் நிறுத்தி, ஜிப்பா பையிலிருந்து மடித்த பேப்பர் கட்டிங்கை எடுப்பார். கூட்டம் நிமிர்ந்து உட்காரும். 'இது நான் சொல்லலே, அவரே சொன்னது' என்று தேதியோடு வாசிப்பார். அந்தக் கட்டிங் தானாகப் பைக்குள் வந்திருக்காது. கட்சி ஆபீஸ் மூலையில் ஒருவர் கத்தரிக்கோலும் பசை டப்பாவுமாக, தினம் நாலு பேப்பர் படித்து வெட்டி ஒட்டியிருப்பார். அவருக்கு டீயும் சில சமயம் பஸ் காசும். மேடையில் பெயர் சொல்ல மாட்டார்கள். தமிழ்நாட்டின் முதல் ஆப்போ ரிசர்ச்சர்கள் இவர்கள்தான்.

சில சமயம் இந்த வேலையை எதிராளி செய்ய வேண்டியதில்லை, கூட இருந்தவரே செய்துவிடுவார். அக்டோபர் 1972-ல் எம்.ஜி.ஆர். தி.மு.க. மேடையிலேயே கட்சிக் கணக்குக் கேட்டார். சில நாட்களில் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார், புதுக்கட்சி ஆரம்பித்தார். நவம்பரில் டெல்லி போய் ஜனாதிபதி வி.வி.கிரியிடம் குற்றச்சாட்டுப் பட்டியல் ஒன்றைக் கொடுத்தார். 1976 ஜனவரி 31-ல் ஆட்சி கலைக்கப்பட்டு, அடுத்த மாதமே சர்க்காரியா கமிஷன் வந்தது. கமிஷன் அறிக்கையும் வந்தது. கருணாநிதிக்கு எதிராகக் கோர்ட்டில் எதுவும் நிரூபணமாகவில்லை. ஆனால் அந்தப் பட்டியலின் எதிரொலி அரை நூற்றாண்டாக மேடைகளில் ஓயவில்லை. கோர்ட்டில் நிற்காத ஃபைல் மேடையில் நிற்கும். இந்தத் தொழிலின் பலமும் ஆபத்தும் இதுதான்.

இப்போது கத்தரிக்கோலுக்கு வேலையில்லை. வேட்பாளரே தன் ஜாதகத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறார். 1999-ல் அகமதாபாத் ஐ.ஐ.எம். பேராசிரியர்கள் சிலர் சேர்ந்து போட்ட வழக்கின் பலன் இது. சுப்ரீம் கோர்ட் 2002-ல் ஒரு தீர்ப்பு, 2003-ல் இன்னொரு தீர்ப்பு என்று உறுதிசெய்து, சொத்து, கடன், கிரிமினல் வழக்கு, படிப்பு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் சொல்லியாக வேண்டும் என்றாக்கியது. படிவம் 26 என்று பெயர். மனைவி, கணவன், சார்ந்திருக்கும் பிள்ளைகள் கணக்கும் உண்டு. 2019-லிருந்து ஐந்து வருஷ வருமான வரி விவரமும் சேர்ந்துகொண்டது. பொய் சொன்னால் ஆறு மாதம்வரை சிறை என்று சட்டத்தில் இருக்கிறது.

இது போதாதென்றால் வில்லங்கச் சான்று இருக்கிறது. பதிவுத் துறையின் தளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். கம்பெனி டைரக்டர் யார் யார் என்று தெரிய ஒரு காலத்தில் ஹாடோஸ் ரோடு சாஸ்திரி பவனுக்குப் போக வேண்டும். இப்போது கட்டணம் கட்டினால் ஸ்கிரீனில் வரும். அரசாங்கப் பணம் எங்கே ஒழுகியது என்பதற்குத் தணிக்கை அறிக்கைகள். தேனாம்பேட்டை ஏ.ஜி. ஆபீஸ் வாசலில் மெட்ரோவில் இறங்கும் ஆயிரக்கணக்கானவர்களில், அந்த அறிக்கையைப் படிக்கிறவர் என் தங்கை பெண் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி எழுதினால் முப்பது நாளில் பதில் வர வேண்டும். மத்தியச் சட்டம் வந்தது 2005-ல். தமிழ்நாடு 1997-லேயே தனக்கென்று ஒன்று போட்டுவிட்டது. பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

"இரண்டு பிரமாணப் பத்திரத்தைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தாலே பாதி வேலை முடிஞ்சிடும் மாமா" என்றாள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் இருந்த மனை இப்போது இல்லை. போன தடவை இல்லாத கடன் இப்போது இருக்கிறது, கொடுத்தவர் யார்? ஐந்து வருஷத்தில் மூன்று வயது மட்டும் ஏறிய அபூர்வ மனிதர்களும் உண்டாம்.

ஆனால் சொத்து ஏறியிருப்பதைப் பார்த்ததும் துள்ளக் கூடாது. நகை அதே நகையாக இருக்கும், தங்கம் விலை ஏறியிருக்கும். நிலத்தில் இதற்கு நேர்மாறு. 2017 ஜூனில் தமிழ்நாடு அரசு வழிகாட்டி மதிப்பை ஒரேயடியாக 33 சதவீதம் குறைத்தது. அந்த மதிப்பை வைத்துக் கணக்குக் காட்டியவரின் நிலம், ஒரு சென்ட் விற்காமலே 2016-ஐவிட 2021-ல் இளைத்துத் தெரியும். இது தெரியாமல் 'நிலத்தை ஒளித்துவிட்டார்' என்று எழுதினால், மறுநாள் எதிராளி பிரஸ் மீட் வைத்துக் கிழித்துவிடுவார்.

கூட்டல் கழித்தல் சாதாரணம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு ஞாபகம். ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கில் 2015 மே 11 அன்று கர்நாடக ஹைகோர்ட் விடுதலை செய்தது. வருமானத்துக்கு அதிகமான சொத்து 8.12 சதவீதம்தான், பத்து சதவீதத்துக்குள் இருக்கிறது என்பது காரணம். தீர்ப்பிலேயே கடன்களின் பட்டியல் இருந்தது. மொத்தம் 24.17 கோடி என்று போட்டிருந்தார்கள். கால்குலேட்டரில் தட்டினால் 10.67 கோடிதான் வந்தது. பதின்மூன்றரைக் கோடி வித்தியாசம். அதைச் சரிசெய்தால் 8 சதவீதம் 76 ஆகிவிடும் என்று அரசுத் தரப்பு சொன்னது. அன்றைக்குத் தமிழ்நாட்டில் பாதிப் பேர் லட்டு கொடுத்துக்கொண்டிருக்க, யாரோ சிலர் பொறுமையாக உட்கார்ந்து வரிவரியாகக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். 2017 பிப்ரவரி 14-ல் சுப்ரீம் கோர்ட் ஹைகோர்ட் தீர்ப்பை ரத்து செய்தது. அதற்குள் ஜெயலலிதா காலமாகிவிட்டார்.

இதெல்லாம் எத்தனை ஓட்டு வாங்கித் தரும் என்று கேட்டேன். அவள் தி.நகரைக் காட்டினாள். 2021 சட்டமன்றத் தேர்தலில் தியாகராய நகரில் வெற்றி வித்தியாசம் 137 ஓட்டு. ரங்கநாதன் தெருவில் தீபாவளி சீஸனில் ஒரு கடை வாசலில் அதைவிட அதிகம் பேர் நிற்பார்கள். 137 பேர் மனம் மாற ஒரு நோட்டீஸ் போதும். அந்த நோட்டீஸில் என்ன எழுதுவது என்பதற்குத்தான் கட்சிகள் பணம் கொடுக்கின்றன.

வேலையில் சேர்ந்த முதல் மாதம் அவளை எதிராளி பக்கமே விடவில்லையாம். "முதல்ல நம்ம ஆளைத்தான் தோண்டணும் மாமா." தன் கட்சி வேட்பாளரிடம் எதிரி என்ன கண்டுபிடிப்பான் என்று முன்கூட்டியே கண்டுபிடித்து, பதில் தயாராக வைத்திருக்க வேண்டும். அமெரிக்காவிலும் இதுதான் பால பாடம். நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அந்த ஃபைல் எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். 2016-ல் தி.மு.க.வின் பிரசாரத்துக்குப் பின்னணியில் இருந்த சுனில் கனுகோலு 2021-ல் அ.தி.மு.க.வுக்கு வேலை பார்த்தார், 2023-ல் கர்நாடக காங்கிரஸுக்கு. 2021-ல் தி.மு.க.வுக்கு வியூகம் வகுத்த பிரசாந்த் கிஷோர் 2025 பிப்ரவரியில் விஜய்யின் த.வெ.க. மேடையில் நின்றார். தொழில்முறையில் தப்பில்லை. வக்கீலும் இன்று வாதிக்கு, நாளை பிரதிவாதிக்கு. ஆனால் வக்கீலுக்கு கட்சிக்காரரின் ரகசியத்தைக் காக்கச் சட்டம் இருக்கிறது, தப்பினால் கேட்க பார் கவுன்சில் இருக்கிறது. இவர்களுக்கு ஒரு ஒப்பந்தப் பத்திரமும் மனசாட்சியும்தான்.

போன தேர்தலுக்கு முந்தைய மழைக்காலத்தில் ஒருநாள் அடையாறில் என் வீட்டுக்கு வந்தாள். காபியைத் தொடவில்லை. ஒரு வேட்பாளரின் பெயரைப் போட்டுக் கோர்ட் வழக்குகளைத் தேடியபோது, அவர் மகளின் விவாகரத்து வழக்கு கண்ணில் பட்டிருக்கிறது. அந்தப் பெண் அரசியலில் இல்லை. எங்கேயோ ஸ்கூல் டீச்சர். இவள் ஃபைலில் சேர்க்கவில்லை. டீம் லீடர் வேறு வழியில் தெரிந்துகொண்டு, "ஏன் விட்டே?" என்று கேட்டிருக்கிறார். இவள் இன்னும் புரொபேஷனில் இருந்தாள். அப்பா ரிட்டயர்டு, ஃபிளாட் லோன் இவள் சம்பளத்தில்தான் ஓடுகிறது.

"என்ன சொன்னே?"

"இதை எடுத்தா பொம்பளைங்க ஓட்டு நமக்கு எதிரா திரும்பிடும் சார்னு சொன்னேன். கரெக்ட்னுட்டு விட்டுட்டார்."

"அப்புறம் என்ன கவலை?"

"அது தப்புன்னு சொல்லலையே மாமா, நஷ்டம்னுதான் சொன்னேன். அடுத்த தடவை லாபம்னு கணக்கு வந்தா என்ன சொல்றது?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவளுக்கு 1987-ல் நடந்த கதை ஒன்று சொன்னேன். அமெரிக்க ஜனாதிபதி வேட்பாளராகும் போட்டியில் ஜோ பைடன் இருந்தார். பிரிட்டிஷ் தலைவர் நீல் கின்னக்கின் பேச்சைப் பெயர் சொல்லாமல் தன் சொந்தக் கதைபோலப் பேசிவிட்டார். போட்டியாளர் டுகாகிஸின் பிரசார மேனேஜர் ஜான் சாஸோ இரண்டு பேச்சையும் ஒரே வீடியோவில் ஒட்டி நிருபர்களுக்கு அனுப்பினார். பைடன் செப்டம்பரில் விலகினார். அனுப்பியது யார் என்று தெரிந்ததும், அதே மாதம் சாஸோவும் ராஜினாமா செய்தார். வீடியோவில் ஒரு பொய்கூட இல்லை. பைடன் பேசியது பொதுமேடையில், பேசியது அவரே. அப்படியும் ஒளிந்துகொண்டு அனுப்பியதற்கு வேலை போயிற்று. பைடன் 2021-ல் ஜனாதிபதியே ஆனார்.

"அப்போ பேர் போட்டு அனுப்பியிருந்தா சரியா?"

"பேர் போட்டு அனுப்ப முடிகிற விஷயமா என்று முதலில் பார். அந்த வேட்பாளரை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு உன்னால் வாசிக்க முடிகிறதை மட்டும் ஃபைலில் வை. அவர் நிலத்தை வாசிக்கலாம், அவர் கேஸை வாசிக்கலாம். அவர் பெண்ணின் கண்ணீரை உன்னால் வாசிக்க முடியாது. முடிந்துவிட்டால் அன்றைக்கு வேறு வேலை தேடிக்கொள்."

"லோன்?" என்றாள்.

அதற்கும் என்னிடம் பதில் இல்லை. லோன் இருக்கிறவர்களின் மனசாட்சிக்கு மாதா மாதம் ஐந்தாம் தேதி ஒரு பரீட்சை உண்டு. அவள் அடுத்த நாள் டீம் லீடரிடம் போய், வேட்பாளரின் குடும்பத்தில் பொது வாழ்க்கையிலோ வியாபாரத்திலோ இல்லாதவர்களைத் தேடுவதில்லை என்று எழுத்தில் கேட்டிருக்கிறாள். 'பார்க்கலாம்' என்றாராம். வாக்கு எண்ணிக்கையோடு கான்ட்ராக்ட் முடிந்தது. இப்போது வேறு நிறுவனம், வேறு மாநிலம், ஹிந்தியில் பிரமாணப் பத்திரம் படிக்கிறாள். புது இடத்தில் சேரும் முன்பே அதே கேள்வியை ஈ-மெயிலில் கேட்டு, பதில் வாங்கி வைத்துக்கொண்டாள். சம்பளம் கொஞ்சம் கம்மி.

இந்தத் துறைக்குப் பிள்ளையை அனுப்பலாமா என்று கேட்கும் பெற்றோருக்கு: சட்டம், பத்திரிகை, அக்கவுன்ட்ஸ் மூன்றில் ஒன்று தெரிந்திருந்தால் நல்லது. தமிழில் பழைய பத்திரம் படிக்கத் தெரிந்தால் மிகவும் நல்லது. 'நாளது தேதியில்' என்று ஆரம்பிக்கும் பத்திரத்தைப் பார்த்து மிரளாத இளைஞர்கள் குறைந்துவிட்டார்கள். நிரந்தர வேலை அல்ல. தேர்தலோடு வரும், தேர்தலோடு போகும்.

பிள்ளையை அனுப்பாவிட்டாலும், உங்களுக்கும் இதில் கொஞ்சம் வேலை இருக்கிறது. தேனி எம்.பி. தேர்தல் செல்லாது என்று சென்னை ஹைகோர்ட் 2023 ஜூலையில் சொன்னது, வேட்புமனுவில் சொத்து விவரம் சரியில்லை என்று. பிறகு சுப்ரீம் கோர்ட் அதற்குத் தடை விதித்தது வேறு விஷயம். வழக்குப் போட்டது எந்தக் கட்சியின் ஆராய்ச்சிக் குழுவும் இல்லை, அந்தத் தொகுதி வாக்காளர் ஒருவர். தேர்தல் கமிஷன் வெப்சைட்டில் உங்கள் எம்.எல்.ஏ.வின் படிவம் 26 இலவசமாகக் கிடைக்கிறது. சொத்துப் பகுதி சில பக்கங்கள்தான், ஒரு காபி ஆறுவதற்குள் படித்துவிடலாம். கூட்டல் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.