வால் அறுந்த பல்லி

இரத்தோட்டையைச் சேர்ந்த தோட்டமொன்றின் லயத்திலிருந்து வரும் எமது மாணவன் ஒருவன், ஒருநாள் ஜாம் போத்தலுடன் வகுப்புக்கு வந்தான். உள்ளே ஒரு வீட்டுப்பல்லி. பிடித்தபோது வால் அறுந்திருந்தது.

"வளக்கப் போறேன் சேர். இது என்னோடது" என்றான்.

அவன் குடும்பம் வாழும் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். வாசலில் தொடங்கும் தேயிலையும் தோட்டத்துக்கே சொந்தம். தன்னுடையது என்று சொல்ல அவனுக்குக் கிடைத்தது ஒரு பல்லி. அதைப் பறித்து வெளியே விட எமக்கு மனம் வரவில்லை.

ஆகவே வளர்ப்பது பற்றியே பேசினோம். (பல்லி விழும் பலனைப் பஞ்சாங்கத்திற் தேடும் நாம், பல்லியைப் பற்றி வகுப்பில் எப்போது பேசியிருக்கிறோம்?) அதன் உடலுக்குச் சூடு வெளியிலிருந்தே வரவேண்டும். அசையும் பூச்சியை அது பாய்ந்து பிடிக்கும். பஞ்சகாலத்துக்கென்று கொழுப்பைச் சேர்த்து வைப்பது வாலிலே. அந்தச் சேமிப்பையும் இழந்துதான் இது போத்தலுக்குள் கிடக்கிறது.

மேல்நாடுகளிலே புதிதாக வளர்க்கத் தொடங்குவோருக்குச் சிறுத்தைப் பல்லியைச் சொல்லுகிறார்கள். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகியவற்றின் வறண்ட நிலத்துக்குரிய அது, பல தலைமுறைகளாகக் கண்ணாடிப் பெட்டியிலேயே பெருக்கப்படுகிறது. ஆனால் சந்தையின் ஆசை அவ்வளவில் அடங்குவதா? இரத்தோட்டைக்கு மேலே, றிவர்ஸ்டன் பாதை ஏறிச்செல்லும் நக்கிள்ஸ் மலைத்தொடரில் மட்டுமே வாழ்வது இலைமூக்கு ஓணான். அதைப் பிடிப்பது சட்டப்படி குற்றம். அப்படியிருந்தும் அதன் இனத்தைச் சேர்ந்த இலங்கை ஓணான்கள் ஐரோப்பியரின் பெட்டிகளுக்குப் போய்ச் சேர்ந்தன. 2019ல் ஜெனீவாவிற் கூடிய சைட்டிஸ் மாநாடுதான் அவற்றின் சர்வதேச வணிகத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது. அந்த விலையில் எத்தனை ரூபா இம்மலைச்சரிவில் தங்கியிருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

இதையெல்லாம் பையன் எவ்வளவு கேட்டானோ தெரியாது. போத்தலை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். மெல்லிய வயிற்றுத் தோலூடாக இரண்டு முட்டைகள் வெண்மையாகத் தெரிந்தன.

"இதுக்குள்ள எங்க சேர் முட்டை போடும்?"

நாம் பதில் சொல்லவில்லை. மாலையில் போத்தலை வீட்டுக்கு எடுத்துச் சென்றான்.

சில மாதங்களின் பின் அந்த லயத்துக்குப் போயிருந்தோம். விளக்கைச் சுற்றிச் சுவரில் நாலைந்து பல்லிகள். போத்தலில் உப்பு இருந்தது. பையன் எமது கையைப் பிடித்திழுத்து, நிறம் வெளிறிய புதுவாலுடன் மூலையில் நின்ற ஒன்றைக் காட்டினான்.

"அதுதான் சேர், என்னோடது."