பழைய பலகையும் புதிய அட்டையும்

பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்களில் பழம்பொருள்கள் மிகுதியாக இருப்பதில்லை. சாலில் ஓர் அறை, அங்கிருந்து வேறோர் அறை, பின்னர் ஒரு சிறு வீடு என்று மாறுந்தோறும் எதையேனும் விட்டுவிட்டே வருகிறோம். எஞ்சி நிற்பவை ஒரு பித்தளைக் குடம், ஒரு திருமணப் புகைப்படம், சில கடிதங்கள், அவ்வளவே. கல்யாணில் உள்ள எங்கள் இல்லத்தில் இவற்றோடு இன்னும் ஒன்று உண்டு. உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு கணிப்பொறிப் பலகை அது. அதைப் புதுப்பிக்கப் புகுந்து, இழக்கக்கூடாத ஒன்றை இழக்கவிருந்தோம். எங்கள் அனுபவம் பிற குடும்பங்களுக்கும் பயன்படக்கூடும் என்று கருதி இதனை எழுதுகிறோம்.

எங்கள் தந்தையார் நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர். கல்யாண் ரயில் நிலையத்தில் பாயிண்ட்ஸ்மேனாகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். தாணாவிலிருந்து கல்யாணுக்கு 1854ஆம் ஆண்டு மே மாதம் 1ஆம் நாள் ரயில் வந்தது. இருப்புப்பாதை இங்கே இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கசாரா வழியாக நாசிக் செல்கிறது. மற்றொன்று கர்ஜத் வழியாகப் புனா செல்கிறது. "பாயிண்டு ஒரு விரற்கடை தவறினால் போதும், நாசிக் போகவேண்டியவன் புனாவில் நிற்பான்" என்று தந்தையார் அடிக்கடி சொல்வார். அவருடைய வாழ்க்கைத் தத்துவம் முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருந்தது எனலாம்.

தொண்ணூறுகளில், பல வீடுகளைப் போலவே, எங்கள் வீட்டிலும் தொலைக்காட்சிப் பெட்டியில் இணைத்து ஆடும் 'வீடியோ கேம்' ஒன்று வந்து சேர்ந்தது. ஜப்பானிய நிறுவனமாகிய நின்டெண்டோ 1983ஆம் ஆண்டு வெளியிட்ட 'ஃபேமிகாம்' என்னும் கருவியைப் பார்த்துச் செய்த நகல் அது. அதன் கேசட்டுகளிற் பலவும் உரியவரின் இசைவின்றிப் படியெடுக்கப்பட்டவை என்பதை அந்நாளில் நாங்கள் அறியோம். அதில் 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' என்னும் 1985ஆம் ஆண்டு விளையாட்டு ஒன்றே எங்கள் எல்லோரையும் ஆட்கொண்டது. எட்டு உலகங்கள், உலகத்திற்கு நான்கு கட்டங்கள், ஆக 32 கட்டங்கள். இரவுப் பணி முடிந்து வரும் தந்தையாரும் சற்று நேரம் அமர்ந்து ஆடிவிட்டே உறங்கச் செல்வார்.

2005ஆம் ஆண்டு சூலை 26ஆம் நாளை மும்பைவாசிகள் எவரும் மறந்திருக்க முடியாது. சாந்தாகுருசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. உல்லாஸ் ஆறு பெருகிக் கல்யாணின் தாழ்ந்த பகுதிகளுக்குள் புகுந்தது. எங்கள் அறையில் இடுப்பளவு நீர். மற்றவற்றோடு அந்த விளையாட்டுக் கருவியும் சேற்றில் மாண்டது. அன்று அதற்காக வருந்த எங்களுக்கு நேரமில்லை.

பத்து ஆண்டுகள் கழிந்தன. செம்பூரில் வாழும் எங்கள் தங்கை மகன், பொறியியல் மாணவன், 2015ஆம் ஆண்டு ஒரு சிறு பலகையைக் கொணர்ந்தான். 'ராஸ்ப்பெரி பை 2' என்பது அதன் பெயர். குறைந்த விலையில் ஒரு கணிப்பொறி இருந்தால் சிறுவர்கள் நிரல் எழுதக் கற்பார்கள் என்னும் நோக்கத்தோடு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் உருவாகி, 2012 பிப்ரவரி 29ஆம் நாள் முதன்முதலாக வெளிவந்த வரிசையைச் சேர்ந்தது அது. அதில் 'ரெட்ரோபை' என்னும் இலவச மென்பொருள் தொகுப்பை ஏற்றித் தொலைக்காட்சியில் இணைத்தான். வெள்ளத்தில் போன மரியோ மீண்டும் திரையில் குதித்தான்!

இது எவ்வாறு இயலும் என்று கேட்பீர்கள். கூத்தில் ஒருவன் வேடம் கட்டினால், அவன் ஆடி முடிக்கும்வரை நமக்கு அவனே அருச்சுனன் அன்றோ? அதுபோலவே இக்கால இயந்திரம் அக்கால இயந்திரமாக வேடம் கட்டுகிறது. அவ்வாறு வேடம் கட்டும் மென்பொருளை எமுலேட்டர் என்பர். பழைய கருவியின் செயலகத்திற்கு எழுதப்பட்ட ஒவ்வொரு கட்டளையையும் படித்து, அது என்ன செய்திருக்குமோ அதனையே இதுவும் செய்துகாட்டும். பழைய கருவியின் வேலை நினைவகம் 2 கிலோபைட்டு மட்டுமே. இப்பலகையின் நினைவகம் 1 ஜிகாபைட்டு. ஐந்து லட்சம் மடங்குக்கும் மேல். ஆகவே வேடம் கட்டுவது இதற்கு எளிதாயிற்று.

இன்னொரு வசதியும் இருந்தது. பழைய கருவியில் மின்சாரத்தை நிறுத்தினால் ஆட்டம் தொடக்கத்திலிருந்தே வரவேண்டும். எமுலேட்டரிலோ, எந்த நொடியிலும் ஆட்டத்தை அப்படியே நிறுத்திச் சேமித்துக்கொள்ளலாம். மறுநாள் அதே நொடியிலிருந்து தொடரலாம். இந்த வசதிதான் பின்னர் எங்களுக்குப் பெருங்கவலையைத் தந்தது, ஆறுதலையும் தந்தது.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஊரடங்கு வந்தது. புறநகர் வண்டிகள் நின்றன. வாழ்நாளெல்லாம் வண்டிகளின் ஓசையில் உறங்கிப் பழகிய தந்தையாருக்கு அந்த அமைதியில் உறக்கம் வரவில்லை. பேத்தியை அருகிருத்திக்கொண்டு மரியோ ஆடத் தொடங்கினார். ஒவ்வொரு மாலையும் ஒரு கட்டம். இவ்வாறே ஏழாம் உலகத்தின் நான்காம் கட்டம்வரை வந்துவிட்டார். அக்கட்டம் ஒரு கோட்டை. மேல்வழி, கீழ்வழி எனப் பாதைகள் பிரியும். தவறான வழியில் சென்றால் முன்பு வந்த இடத்திற்கே திரும்பக் கொணர்ந்துவிடும். "இது நம்ம யார்டு மாதிரியே இருக்குலே!" என்று தந்தையார் மகிழ்ந்தார். மாட்டுங்காவில் வாங்கிய தமிழ் நாட்காட்டியின் தாளொன்றைக் கிழித்து, அதன் பின்புறம் பென்சிலால் 'மேல்', 'கீழ்' என்று வழியைக் குறித்துக்கொண்டே வந்தார். முழுவழியும் புலப்படுமுன் உடல்நலம் குன்றியது. "மீதியைப் பிறகு பார்ப்போம், நிறுத்தி வை" என்று பேத்தியிடம் கூறினார். அவள் சேமித்து வைத்தாள். 2021ஆம் ஆண்டு தந்தையார் இயற்கை எய்தினார்.

அதன்பின் அப்பலகையை எவரும் தொடவில்லை. நாட்காட்டித் தாளை அன்னையார் தம் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

2023 செப்டம்பரில் விநாயகர் சதுர்த்தி விடுமுறையின்போது எங்கள் மகன் ஆட்டக் கைப்பிடி ஒன்று வாங்கி வந்தான். பழைய பலகையோ அதனை அறிந்துகொள்ளவில்லை. மென்பொருளைப் புதுப்பித்தால் சரியாகிவிடும் என்று எண்ணினான். பலகையிலிருந்த இயங்குதளம் 2017ஆம் ஆண்டு வந்த 'ஸ்ட்ரெட்ச்' என்னும் பதிப்பு. இவ்வியங்குதளங்களுக்கு மூலமான டெபியன் பதிப்புகளுக்கெல்லாம் 'டாய் ஸ்டோரி' திரைப்படத்தின் பாத்திரங்களுடைய பெயர்களையே இடுவது வழக்கம். ஸ்ட்ரெட்ச் பதிப்பிற்கான பராமரிப்பு 2022ஆம் ஆண்டு சூனில் முடிந்துவிட்டது. பழைய பதிப்பின் மென்பொருள்கள் வேறொரு களஞ்சியத்திற்கு மாற்றப்பட்டுவிட்டன. பலகை பழைய முகவரியிலேயே போய்த் தட்டியது. வீடு மாறியவரின் பழைய கதவைத் தட்டினால் யார் திறப்பார்கள்?

இந்நிலையில் புதிய அட்டையொன்றில் புதிய பதிப்பை ஏற்றுவதே முறை. அவ்வாறே செய்யுமாறு ரெட்ரோபை தொகுப்பாளர்களும் அறிவுறுத்தியிருக்கின்றனர். எங்கள் மகனோ இளமையின் வேகத்தில், இருந்த அட்டையின் மீதே 'பஸ்டர்' என்னும் அடுத்த பதிப்பை ஏற்றத் தொடங்கினான். படி எதுவும் எடுத்துவைக்கவில்லை. நாங்களும் தடுக்கவில்லை, எங்களுக்கு அது தெரிந்திருக்கவுமில்லை. நள்ளிரவில் மழை வலுத்தது. மின்சாரம் நின்றது. திரும்ப வந்தபோது பலகையின் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது, திரையில் ஒன்றுமில்லை.

அப்போதுதான் மகள் கேட்டாள்: "தாத்தாவோட ஆட்டம்?"

வீட்டில் எவரும் விடை கூறவில்லை. மகன் சுவரைப் பார்த்து அமர்ந்திருந்தான். அவனை வைது பயன் என்ன? அட்டையில் இருப்பது யாது என்று எண்ணிப் பார்க்காத குற்றம் எங்கள் எல்லோருக்கும் உரியது.

மறுநாள் தங்கை மகனுக்குத் தொலைபேசியில் சொன்னோம். "மாமா, அட்டையை எதிலும் போட வேண்டாம். விண்டோஸில் போட்டால் 'ஃபார்மட் செய்யவா' என்று கேட்கும், மறந்தும் சரி என்று அழுத்திவிடாதீர்கள்" என்றான். அட்டையின் பெரும்பகுதி லினக்ஸ் முறையில் அமைந்திருப்பதால் விண்டோஸ் அதனை வெற்றிடமென்று கருதும் என்பது அவன் விளக்கம். ஞாயிறன்று தன் லினக்ஸ் மடிக்கணினியோடு வந்தான். இயங்குதளம் சிதைந்திருந்ததே அன்றி, விளையாட்டுகள் இருந்த அடைவு பழுதின்றி இருந்தது. எல்லாவற்றையும் படியெடுத்தான். பின்பு மகனும் அவனும் தாதரில் வண்டி மாறிக் கிராண்ட் ரோடு இறங்கி, லாமிங்டன் சாலையில் நல்ல அட்டை ஒன்று வாங்கி வந்தனர். 2022 மார்ச்சில் வெளிவந்த ரெட்ரோபை 4.8ஆம் பதிப்பை அதில் எழுதினர். பலகை உயிர்பெற்றது, புதிய கைப்பிடியும் இயங்கியது.

ஆயினும் தந்தையாரின் ஆட்டம் மட்டும் திறக்கவில்லை. கோப்பு இருந்தது, ஆனால் எமுலேட்டர் அதனைப் படிக்க மறுத்தது.

காரணத்தைத் தங்கை மகனே கண்டறிந்தான். சேமித்த நிலை என்பது அந்த நொடியில் நினைவகத்தில் இருந்த எண்களின் பட்டியல். ஒவ்வோர் எமுலேட்டரும் அதனைத் தன் போக்கில் வரிசைப்படுத்தி எழுதும். ஒரு கடையின் வரவுசெலவையே இரு கணக்குப்பிள்ளைகள் எழுதினாலும், ஒருவர் பேரேடு மற்றவர்க்கு விளங்காது அன்றோ? முன்பு அவன் 'நெஸ்டோபியா' என்னும் எமுலேட்டரைத் தேர்ந்து வைத்திருந்தான். புதிய அட்டையில் 'எஃப்.சி.இ.யூ.எம்.எம்.' என்பது தானாகவே முன்னின்றது. விளையாட்டுகளைப் படியெடுத்தவர்கள் அந்தத் தேர்வைப் படியெடுக்க மறந்தோம். ஆட்டம் தொடங்கும்போது தோன்றும் சிறு பெட்டியின்போது ஒரு பொத்தானை அழுத்தினால், எமுலேட்டரை மாற்றிக்கொள்ளும் பட்டியல் வரும். மாற்றினோம்.

மகள் 'செலக்ட்' பொத்தானோடு 'எல் ஒன்று' பொத்தானை அழுத்தினாள். 'ஆர் ஒன்று' என்று தவறி அழுத்தியிருந்தால் பழைய நிலையின் மேலேயே புதிது எழுதப்பட்டிருக்கும். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். இம்முறை இரண்டு படிகள் எடுத்துவைத்த பின்னரே தொட்டோம்.

திரையில் கோட்டை தோன்றியது. இரண்டரை ஆண்டுகளுக்கு முன் தந்தையார் நிறுத்திய இடத்தில் மரியோ நின்றுகொண்டிருந்தான். உயிர்கள் மூன்று எஞ்சியிருந்தன.

இதனை அப்படியே வைத்துவிட வேண்டும் என்றோம் நாங்கள். ஆட வேண்டும் என்றாள் மகள். இருவரும் அன்னையாரைப் பார்த்தோம். அவர் உள்ளே சென்று அந்த நாட்காட்டித் தாளைக் கொணர்ந்து பேத்தியின் கையில் கொடுத்தார். "அவுக வழி எழுதி வச்சதே போறதுக்குத்தானே, ஆச்சி சொல்றேன், ஆடு" என்றார்.

தந்தையாரின் நிலையை ஒரு படியில் தொடாமல் வைத்துவிட்டு, மற்றொரு படியிலிருந்து அவள் ஆடினாள். தாளின் இறுதி வரி எழுதப்படாமல் இருந்தது. மூன்று முயற்சிகளுக்குப் பின் அவ்வழியை அவளே கண்டாள். கண்டதை அதே பென்சிலால் தாத்தாவின் எழுத்துக்குக் கீழே எழுதினாள்.

எங்கள் அனுபவத்திலிருந்து சிலவற்றைக் கூற விரும்புகிறோம். புதுப்பிக்குமுன் படி எடுங்கள். அதுவும் வேறோர் இடத்தில் வையுங்கள். பழைய அட்டையை அழிக்காமல் புதிய அட்டையில் தொடங்குங்கள். எந்த எமுலேட்டர், எந்தப் பதிப்பு என்பதை ஒரு தாளில் குறித்து வையுங்கள். பதிப்பு மாறினும் சேமித்த நிலை திறக்காமற் போகலாம். எங்களுக்குத் திறந்தது நற்பேறே. விளையாட்டுக்குள்ளேயே சேமிக்கும் வசதி இருப்பின் அதனையே நம்புங்கள். அக்கோப்பைப் பெரும்பாலும் எல்லா எமுலேட்டர்களும் படிக்கும். மின்சாரத்தை நேரே நிறுத்தாமல் பட்டியலிலிருந்து முறையாக நிறுத்துங்கள். பஸ்டர் பதிப்பின் பராமரிப்பும் 2024 சூனில் முடிந்துவிட்டமையால், நாங்கள் இணையக் கம்பியை எடுத்துவிட்டோம். ரெட்ரோபை தன்னுடன் விளையாட்டுகள் எதனையும் தருவதில்லை; அவற்றின் உரிமை பிறர்க்குரியது என்பதையும் நினைவிற் கொள்ளுதல் நன்று. இதனை நாங்களும் பிந்தியே உணர்ந்தோம்.

நாட்காட்டித் தாள் மீண்டும் அன்னையாரின் பெட்டிக்குச் சென்றுவிட்டது. எட்டாம் உலகத்திற்குப் புதிய தாள் ஒன்று கிழித்திருக்கிறாள் எங்கள் மகள்.