கடைசிச் சொல் வரை கேட்கவில்லை

டோக்கியோவில் ஒரு வயதான அம்மா சபையில் எழுந்து என்னிடம் பேசினார். அவர் சொன்னது எனக்குப் புரியவில்லை. புரிந்தவனைப் போல நடித்துப் பதில் சொன்னேன். இதுவரை யாரிடமும் இதை நான் ஒப்புக்கொண்டதில்லை.

வரலாற்றில் முதுகலை முடித்த கையோடு, அங்கே பட்டதாரிகளுக்கான உயர்நிலை ஜப்பானிய மொழிப் படிப்பில் சேர்ந்தேன். அவரவர் துறை ஆவணங்களை மூலமொழியில் வாசிக்கவும், ஆய்வரங்கில் ஜப்பானிய மொழியிலேயே வாதிடவும் பழக்கும் படிப்பு அது. நான் எடுத்துக்கொண்ட பொருள், மெய்ஜி காலத்தில் பட்டுநூல் இழுக்கும் ஆலைகளில் உழைத்த பெண்கள். ஹிதா மலைக் கிராமங்களிலிருந்து நொமுகி கணவாயை நடந்தே கடந்து, சுவா ஏரிக்கரையில் இருந்த ஒகாயா ஆலைகளுக்குப் போன சிறுமிகள்.

போகும்போதே கையில் என்-1 சான்றிதழ் இருந்தது. ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் அதுதான் உச்ச நிலை. 180-க்கு 100 தேர்ச்சி மதிப்பெண். கொடுத்திருக்கும் விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். வாய் திறந்து பேச வேண்டியதில்லை, ஒரு வாக்கியம்கூட எழுத வேண்டியதில்லை. வினை கடைசியில் வருவதும், வேற்றுமை உருபைப் போல ஒட்டுகள் பெயருக்குப் பின்னால் வருவதும் தமிழனுக்குப் பழகியவைதானே என்ற பெருமை வேறு. பொதுப் பயன்பாட்டுக்கென்று வகுத்த 2,136 காஞ்சி எழுத்துகளையும் உருப்போட்டிருந்தேன். புத்தகத்தின் முன்னால் எனக்குப் பயமில்லை. மனிதர் பேசினால்தான் பயம்.

அந்தப் பயத்தை 'ஹை' என்ற சொல்லால் மூடினேன். 'ஆம்' என்பதும் அதுதான். 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்று 'உம்' கொட்டுவதும் அதுதான். ஆசிரியர்கள் விளக்கும்போதெல்லாம் 'ஹை' என்றேன். 'புரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள்' என்று ஒருநாளும் கேட்டதில்லை.

படிப்பின் முடிவில் ஒவ்வொருவரும் வெளியாட்கள் முன்னிலையில் ஆய்வுரை தர வேண்டும். மனப்பாடம் செய்துவைத்த உரையைத் தடங்கலில்லாமல் சொல்லி முடித்தேன். அப்போதுதான் அந்த அம்மா எழுந்தார். தாழ்ந்த குரல், நீண்ட வாக்கியம். 'பாட்டி', 'ஒகாயா' என்ற இரண்டு சொற்கள் மட்டும் பிடிபட்டன. அதற்குமேல் நான் கேட்கவே இல்லை. எப்படித் தப்பிப்பது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன். அவர் நிறுத்தியதும், ஆய்வரங்குகளில் எல்லோரும் சொல்லும் வாக்கியத்தைச் சொன்னேன்: 'அரிய கேள்விக்கு நன்றி. இதை கொங்கோ நோ கதாய் ஆக எடுத்துக்கொள்கிறேன்.' இனிமேல் ஆராய வேண்டியது என்று பொருள். அவர் ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு குனிந்து வணங்கிவிட்டு உட்கார்ந்தார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து அன்றைய ஆய்வுரையின் ஒலிப்பதிவைக் கேட்டேன். அவர் கேள்வியே கேட்டிருக்கவில்லை. அவருடைய பாட்டி சிறுவயதில் ஒகாயாவில் நூல் இழுத்தவராம். பாட்டியின் கூலிக் கணக்கும் சில கடிதங்களும் வீட்டில் இருக்கின்றனவாம். 'உங்களுக்கு விருப்பமானால் காட்ட நினைக்கிறேன்' என்று முடித்திருந்தார். 'ஒமெ நி ககெரு' என்றால் பணிவாக 'காட்டுதல்'. தேர்வில் வந்திருந்தால் சரியாகக் குறித்திருப்பேன். தமிழைப் போலவே அந்த வினையும் வாக்கியத்தின் கடைசியில்தான் இருந்தது. நான் அதுவரை கேட்கவில்லை.

விசாரித்தேன். அன்று வந்தவர்களின் பெயர்ப்பட்டியல் எதுவும் இல்லை. அந்த அம்மா யாரென்று எவருக்கும் தெரியவில்லை.

பிறகு ஆய்வேட்டை முடித்தேன். ஆலை உரிமையாளர்களின் பதிவேடுகளிலிருந்து அதில் ஏராளமான மேற்கோள்கள் உண்டு. உழைத்த பெண் ஒருத்தியின் வீட்டிலிருந்து வந்த தாள் ஒன்றுகூட இல்லை. 'அத்தகைய ஆவணங்கள் கிடைக்கவில்லை' என்று முன்னுரையில் எழுதினேன்.

அது பொய். ஒருவர் எழுந்து நின்று, காட்டுகிறேன் என்றார். நான்தான் கேட்கவில்லை.