நாலாவது பத்து மணி

குழந்தைக்குச் சாமி கும்பிடச் சொல்லிக் கொடுப்பது சுலபம். "கையைக் கூப்பு, கண்ணை மூடு" என்றால் அது கையைக் கூப்பிவிடும். ஒரு கண்ணையாவது மூடிவிடும். "ஏன் கும்பிட வேண்டும்?" என்று அதுவே திருப்பிக் கேட்கிற வயசு ஒன்று வரும் பாருங்கள், அப்போதுதான் பெற்றவர்களுக்கு வியர்க்க ஆரம்பிக்கிறது. இந்த வியர்வை எல்லா மதத்தாருக்கும் பொது. எங்கள் வீடு கத்தோலிக்க வீடு. ஆகையால் எங்களுக்கு வியர்த்த கதையைத்தான் நான் சொல்ல முடியும்.

எங்களுக்குப் பூர்வீகம் தூத்துக்குடி. இருப்பது சென்னையில், பெரம்பூரில். நானும் என் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். அதிலும் பத்திரிகை அச்சுக்குப் போகிற நாளில் நான் வீடு திரும்பும்போது குழந்தைகள் பாதித் தூக்கத்தில் இருப்பார்கள். ஆகவே பரலோக மந்திரம், மங்கள வார்த்தை ஜெபம், விசுவாசப் பிரமாணம் எல்லாவற்றையும் அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தது என் மாமியார். குழந்தைகளுக்கு அவர் "ஆச்சி". சின்னவளுக்குத் தலை வாரிப் பின்னி முடிப்பதற்குள் ஒரு ஜெபம் மனப்பாடமாகிவிட வேண்டும் என்பது ஆச்சியின் கணக்கு. தலையில் சிக்கு அதிகமான நாட்களில் இரண்டு ஜெபங்கூட ஆகும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. ஆச்சி சிறு பெண்ணாயிருந்தபோது கோவிலில் பூசை லத்தீனில் நடந்தது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகுதான் அது தமிழுக்கு வந்தது. ஜெபங்களின் தமிழும் பிறகு மாறிவிட்டது. ஆச்சிக்குச் "சர்வேசுரன்", குழந்தைகளுக்கு "இறைவன்". ஆச்சிக்கு "இஸ்பிரீத்து சாந்து". குழந்தைகளுக்குத் "தூய ஆவி". போர்ச்சுக்கீசியர் விட்டுப்போன அந்தச் சொல்லை முதல் தடவை கேட்டதும் சின்னவள், "ஆச்சி, அது நெத்தியிலே வைக்கிற சாந்தா?" என்றாள். ஆச்சிக்குக் கோபம் வரவில்லை. "ஆமா, கண்ணுக்குத் தெரியாத சாந்து. ஞானஸ்நானத்தன்னைக்கு உனக்கும் வச்சிருக்கு" என்றார். எந்தக் கல்லூரியில் படித்தால் இப்படி ஒரு பதில் வரும் என்று எனக்குத் தெரியவில்லை.

குழந்தைகளுக்கு ஜெபம் சொல்லிக் கொடுக்கும் இந்தக் கவலை தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகமே இந்தக் கவலையில் பிறந்ததுதான். 1578-ல் கொல்லத்தில் ஹென்றீக்கே ஹென்றீக்கஸ் பாதிரியார் அச்சிட்ட "தம்பிரான் வணக்கம்" பதினாறே பக்கமுள்ள ஞானோபதேசப் புத்தகம். அவருக்கு முன்னாலேயே, 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார், தெருத் தெருவாய் மணியடித்துக் கொண்டு போய்ச் சிறுவர்களைக் கூட்டினார். கற்ற ஜெபத்தை வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனுக்கும் அக்கம் பக்கத்தாருக்கும் சொல்லிக் கொடுக்கும்படி அந்தச் சிறுவர்களையே ஏவினார்.

அந்த வழக்கம் எங்கள் வீட்டில் இன்னும் நடக்கிறது. ஆச்சிக்கு ஜெபமாலையில் சந்தோஷம், துக்கம், மகிமை என்று மூன்று வகைத் தேவ இரகசியங்கள்தாம் தெரியும். 2002-ல் இரண்டாம் ஜான் பால் பாப்பரசர் ஒளியின் தேவ இரகசியங்களைச் சேர்த்தார். அவற்றை ஆச்சிக்குக் கற்றுக் கொடுத்தவன் என் மூத்த மகன். ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பிலிருந்து வந்ததும் ஆச்சியை உட்கார வைத்து ஒப்பிக்கச் சொல்வான். தப்பினால் மறுபடியும் முதலிலிருந்து! ஆச்சி வேண்டுமென்றே தப்புவார் என்பது என் சந்தேகம்.

ஜெபமாலை என்றேன் அல்லவா? தெரியாத சகோதரிகளுக்காக ஒரு வார்த்தை. அதில் ஐந்து பத்துகள். ஒவ்வொரு பத்து மணிக்கும் இயேசுநாதர் அல்லது மாதாவின் வாழ்க்கையிலிருந்து ஒரு சம்பவத்தை மனத்தில் வைத்துக் கொள்ள வேண்டும். வீட்டில் ஒருவர் முன்பாதி ஜெபத்தைச் சொல்ல, மற்றவர்கள் பின்பாதியைச் சொல்வது வழக்கம். எங்கள் வீட்டில் முதல் பத்து ஆச்சிக்கு, இரண்டாவது என் கணவருக்கு, மூன்றாவது எனக்கு, நாலாவது தாத்தாவுக்கு, ஐந்தாவது மூத்தவனுக்கு என்று பங்கு பிரித்திருந்தோம். தாத்தா பாதியில் தூங்கிவிடுவார். பத்துக்குப் பதில் பதினாலு போகும். சில நாள் ஏழோடு நிற்கும். கணக்குப் பார்ப்பதற்கென்றே மூத்தவன் அவர் பக்கத்தில் உட்காருவான்.

மூன்று வருஷங்களுக்கு முன் தாத்தா படுத்தார். ஆஸ்பத்திரியில் 18 நாட்கள் இருந்தார். அந்தப் பதினெட்டு நாளும் மூத்தவன், அப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயசு, முழங்காலில் நின்று ஜெபமாலை சொன்னான். தாத்தா பிழைத்தால் வேளாங்கண்ணிக்கு வந்து மொட்டை போடுவதாக நேர்ந்து கொண்டான். தலைமயிரைச் சீவிச் சீவிக் கண்ணாடி முன் நிற்கிற பையன் அவன்! பத்தொன்பதாம் நாள் தாத்தா போய்விட்டார்.

கல்லறையில் மண் போட்டுவிட்டு வந்த மறுவாரம், வழக்கம்போல் ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். "நாலாவது பத்தை நீ சொல்லு, ஐந்தாவதைத் தங்கச்சி சொல்லட்டும்" என்றார் என் கணவர்.

"நான் சொல்ல மாட்டேன்ப்பா" என்றான் பையன்.

"ஏன்?"

"நான் கேட்டேன். கொடுக்கலை. அப்புறம் எதுக்குக் கேட்கணும்?"

என் கணவர் நல்ல மனிதர்; ஆனால் பயந்துபோனால் அவருக்கு அது கோபமாகத்தான் வெளியே வரும். "இந்த வீட்டில் இருக்கிறவரைக்கும் ஜெபத்துக்கு உட்கார்ந்துதான் ஆகணும்" என்று குரலை உயர்த்தினார். அப்போது ஆச்சி, "நீ சும்மா இருல" என்றார். அவர் மகனை "ஏலே" போட்டுப் பேசி நான் அதற்கு முன் அதிகம் கேட்டதில்லை. "பிள்ளைக்குக் கோவம் வந்திருக்கு. இல்லாத ஆள் மேலே யாருக்காவது கோவம் வருமா?" என்று கேட்டுவிட்டு, முதல் பத்தைத் தொடங்கினார்.

மூன்றாவது முடிந்தது. நாலாவதை யார் சொல்வது என்று நான் பார்த்தேன். ஆச்சி யாரையும் சொல்ல விடவில்லை. கையில் மணிகளை மட்டும் ஒவ்வொன்றாக உருட்டினார். வாய் அசையவில்லை. பத்து மணி நேரம் போலத் தோன்றிய பத்து மணி அது! பிறகு சின்னவளைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் ஐந்தாவதைத் தொடங்கினாள். அன்றிலிருந்து நாலாவது பத்து எங்கள் வீட்டில் மௌனமாகவே போயிற்று. பையன் உட்காருவான், பேச மாட்டான். ஞாயிறு பூசைக்கு ஒரு வாரம் வருவான், மறுவாரம் வயிற்று வலி என்பான்.

என் கணவருக்கு இது பொறுக்கவில்லை. நம் தலைமுறையோடு விசுவாசம் போய்விடுமோ என்ற பயம் அவருக்கு. அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். வத்திக்கான் சங்கம் 1964-ல் வெளியிட்ட ஏடு ஒன்று குடும்பத்தை "இல்லத் திருச்சபை" என்று சொல்கிறது. பெற்றோர்தாம் பிள்ளைகளுக்கு முதல் போதகர்கள் என்கிறது. அந்தப் பொறுப்பு சும்மா இருக்க விடுமா? ஆச்சி மகனுக்கு மோனிக்கம்மாளை ஞாபகப்படுத்தினார். பிள்ளை அகுஸ்தீனுக்காக வருஷக் கணக்கில் கண்ணீர் விட்டு ஜெபித்த தாய் அவர். அகுஸ்தீன் 387-ல் மிலான் நகரத்தில் ஞானஸ்நானம் பெற்றபோது அவருக்கு வயசு 32.

"அப்போ இன்னும் இருபது வருஷம் காத்திருக்கணுமாம்மா?" என்றார் இவர்.

"நான் இருக்க மாட்டேன். நீ இரு" என்றார் ஆச்சி.

பேரனிடம் அவர் வேறு விதமாகப் பேசினார். உபதேசம் ஒன்றும் இல்லை. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, லாசர் கதையைச் சொன்னார். லாசர் நோயாய்க் கிடந்தபோது சகோதரிகள் இயேசுநாதருக்கு ஆள் அனுப்பினார்கள். அவர் உடனே வரவில்லை. வந்து சேர்ந்தபோது லாசரைப் புதைத்து நாலு நாள். மார்த்தா எதிரே போய், நீர் இங்கே இருந்திருந்தால் என் தம்பி செத்திருக்க மாட்டானே என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். "அதுக்கு அவர் கோவிச்சுக்கிட்டாரா? இல்லையே. கல்லறைக்குப் போற வழியிலே அவரும் அழுதாரே" என்றார் ஆச்சி.

"ஆனா லாசர் எழுந்திரிச்சு வந்தான். தாத்தா வரலையே, ஆச்சி" என்றான் பையன்.

ஆச்சி கீரையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார். "வரலைதான்யா. ஏன்னு எனக்கும் தெரியலை. நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார்.

அடுக்களையில் நின்ற எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுபது வருஷம் ஜெபமாலை உருட்டிய கை அது. "எல்லாம் சர்வேசுரன் சித்தம்" என்று ஒரு வாக்கியத்தில் பையன் வாயை அடைத்திருக்கலாம். அவர் அடைக்கவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொன்னார். தெரியாமலே தினமும் ஜெபத்துக்கு உட்கார்ந்தார். பையன் அந்த இரண்டையும் கவனித்தான்.

பாட்டிமாரின் இந்தப் பங்கு வேதாகமத்திலேயே இருக்கிறது. சின்னப்பர் தம் சீடர் திமொத்தேயுவுக்கு எழுதும்போது, அவருடைய விசுவாசம் முதலில் பாட்டி லோயியிடமும் தாய் யூனிக்கியிடமும் குடியிருந்தது என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். 2025-ல் காலமான பிரான்சிஸ் பாப்பரசர், தமக்கு ஜெபிக்கக் கற்றுக் கொடுத்தவர் பாட்டி ரோசா என்று பல தடவை சொல்லியிருக்கிறார். அவர்தாம் 2021-ல் ஜூலை மாதத்து நாலாவது ஞாயிற்றுக்கிழமையைத் தாத்தா பாட்டிகளுக்கும் முதியோருக்கும் உரிய நாளாக ஏற்படுத்தியவர். மாதாவின் பெற்றோரான சுவக்கின், அன்னம்மாள் திருநாள் ஜூலை 26-ல் வருகிறது. அதையொட்டி அமைந்த நாள்.

ஆனாலும் தாத்தா பாட்டிகளுக்கு நான் ஒரு விண்ணப்பம் செய்து கொள்வேன். "பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். கண்ணைக் குத்துகிற சாமியிடம் எந்தக் குழந்தை போய் ஒட்டிக் கொள்ளும்? பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை: குழந்தையின் பக்தி கையில்தான் முதலில் இருக்கிறது. கிறிஸ்துமஸ் குடிலுக்கு அது கேழ்வரகு முளைக்கப் போடட்டும். தண்ணீர் ஊற்றி ஊற்றி அழுகவிட்டாலும் பரவாயில்லை. 1223-ல் இத்தாலியில் கிரெச்சியோ என்ற ஊரில் அசிசி பிரான்சிஸ் நிஜமான மாட்டையும் வைக்கோலையும் கொண்டு வந்து குடில் ஜோடித்தாராம். கண்ணால் பார்த்துக் கையால் தொட்டால்தான் மனசில் நிற்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

சின்னவள் போன வருஷம் புதுநன்மை வாங்கினாள். முன்காலத்தில் அதற்குப் பத்துப் பன்னிரண்டு வயசாவது ஆக வேண்டும். 1910-ல் பத்தாம் பயஸ் பாப்பரசர்தாம், ஏழு வயசு வாக்கில் புத்தி தெரிந்தால் போதும் என்று கட்டளையிட்டார். முதல் பாவசங்கீர்த்தனத்துக்கு முந்தின நாள் இவள் ஆச்சியிடம் வந்து, "எனக்குப் பாவமே ஞாபகம் வரலை. உங்களோடதிலே ரெண்டு கொடுங்க ஆச்சி" என்று கேட்டாள். "என்னோடது எல்லாம் பழசு, உனக்குப் பெரிசா இருக்கும்" என்று சொல்லி அனுப்பினார் ஆச்சி.

மூத்தவன் விஷயத்துக்கு வருகிறேன். நவம்பர் 2-ம் தேதி கல்லறைத் திருநாளன்று, யாரும் சொல்லாமலே தாத்தா கல்லறையைக் கழுவினான். மெழுகுவத்தியைக் காற்று அணைக்க அணைக்க மறுபடி மறுபடி ஏற்றினான். ஜெபம் சொல்லவில்லை. அடுத்த மாதம் ஒரு நாள் ஆச்சிக்குத் தொண்டை கட்டிக் கொண்டது. முதல் பத்தையே அவரால் சொல்ல முடியவில்லை, நான் சொன்னேன். மூன்றாவது முடிந்து, வழக்கமான மௌனத்துக்கு நாங்கள் தயாரானோம். அப்போது அவன் குரல் கேட்டது. உடைந்து கொண்டிருந்த பதின்மூன்று வயசுக் குரல். பத்தும் சரியாகச் சொன்னான். ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. என் கணவர் மட்டும் மூக்கை உறிஞ்சினார். அவருக்கு ஜலதோஷம் என்று பிற்பாடு விளக்கம் சொன்னார்.

இப்போது அவனுக்குப் பதினைந்து. இன்னமும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் வயிறு வலிக்கிறது. கேள்விகளும் குறையவில்லை, கொஞ்சம் நீளமாகியிருக்கின்றன. நாலாவது பத்தை அவனே சொல்கிறான். அவன் விசுவாசத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று நான் எழுதத் துணிய மாட்டேன். அது அவனுக்கும் ஆண்டவருக்கும் நடுவிலுள்ள விவகாரம். எங்களால் முடிந்தது, அவன் வந்து உட்காருவதற்கு அந்த இடத்தைக் காலியாக வைத்திருந்ததுதான்.

கேள்வி கேட்கிற முறை இப்போது சின்னவளுடையது. நேற்றுத் தலை வாரும்போது, "மோட்சத்திலே தாத்தாவுக்கு மூக்குப்பொடி கிடைக்குமா, ஆச்சி?" என்றாள்.

"கிடைக்கக் கூடாதுன்னுதான் நான் தினமும் ஒரு பத்து மணி தனியாச் சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றார் ஆச்சி.