காற்றின் கண்

வைகாசி மாதத்துப் புழுதிப்புயல் தில்லியில் குடியிருக்கும் நம்மவர் அனைவரும் அறிந்ததே. அன்று மாலை வானம் செம்மண் நிறமாக மாறியதும் என் பேத்தி ஓடி வந்து, "தாத்தா, கிட்கியைச் சாத்தட்டுமா?" என்றாள். "கிட்கி என்னம்மா கிட்கி! நல்ல தமிழில் ஜன்னல் என்று சொல்" எனக் கடிந்துகொண்டேன். குழந்தையின் முகம் வாடிற்று. அதன்பின் என்னுடன் இந்தியிலேயே பேசினாள்.

இரவு உறக்கம் வரவில்லை. அகராதியைப் புரட்டினேன். ஜன்னல், போர்ச்சுகீசியரின் 'ஜனேலா'வாம்! நான் வற்புறுத்திய நல்ல தமிழ் கப்பலேறி வந்த தமிழ்.

ஆங்கிலேயர் மட்டும் என்ன வாழ்ந்தார்கள் என்று 'விண்டோ'வைத் தேடினேன். அதுவும் இரவலே. 9ஆம் நூற்றாண்டில் வடகடல் கடந்து இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காண்டிநேவியரின் மொழியில் 'விந்தவுகா' என்றொரு கூட்டுச்சொல் உண்டு. 'விந்தர்' என்றால் காற்று. 'அவுகா' என்றால் கண். கண்ணாடி காணாத அந்நாளைய வீடுகளில், புகை வெளியேறவும் காற்று உள்ளே வரவும் திறந்து வைத்த துளையே காற்றின் கண். 13ஆம் நூற்றாண்டின் ஆங்கில ஏடுகளில் இச்சொல் இடம்பெற்றுவிட்டது. ஆங்கிலேயரின் பழஞ்சொல்லோ 'கண்துளை' என்ற பொருளுடையது. அது வழக்கொழிந்தது, அதிலிருந்த 'துளை' மாத்திரம் மூக்குத் துளையைக் குறிக்கும் 'நாஸ்ட்ரில்' என்ற சொல்லின் வாலில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. (இரவல் பெயரானாலும் வரி விதிக்க அது தடையாகவில்லை. 1696 முதல் 1851 வரை ஜன்னல்களை எண்ணி வரி தண்டினார்கள். பலர் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள்!)

நம் பழஞ்சொல்லை நினைத்தபோதுதான் மெய்சிலிர்த்தது. சிலப்பதிகாரத்தில் வரும் 'காலதர்' என்பதில் கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. புகாரின் மாளிகைகளில் இருந்த காலதர்களை மான் கண்ணுக்கு ஒப்பிடுகிறார் இளங்கோவடிகள். 'பலகணி'யிலும் கண் இருக்கிறது. ஒருவரையொருவர் அறியாத இரு மக்கள், சுவரில் ஒரு துளையிட்டதும் காற்றையும் கண்ணையுமே நினைத்திருக்கிறார்கள்.

மறுநாள் காலை பேத்தியை மடியில் இருத்தி, "தாத்தா சொன்னது தவறம்மா" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். பதிலொன்றும் பேசாமல் விளையாட ஓடிவிட்டாள்.

நான்கு நாள் கழித்து மறுபடி புழுதி கிளம்பிற்று. நான் நாற்காலியை விட்டு எழுவதற்குள் உள்ளறையிலிருந்து அவள் குரல் கேட்டது: "தாத்தா, காற்றுக் கண்ணை மூடிவிட்டேன்!"