மாதந்தோறும் யாருக்கு?

பிடி அரிசி எடுத்துவைக்கும் வழக்கம் நம் கிறித்தவக் குடும்பங்களில் முன்பு பரவலாக இருந்தது. உலை வைத்ததும், அளந்தெடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் தனிக் கலயத்தில் இட்டுவிட்டுத்தான் எஞ்சியதைப் பாட்டிமார் களைவார்கள். ஞாயிறன்று அந்தக் கலயம் கோயிலுக்கு வரும். மிசோரம் மாநிலத்துத் திருச்சபைகளில் 1910-ஆம் ஆண்டில் தொடங்கிய இதே போன்ற வழக்கம் இன்றும் தொடர்கிறது. இந்த ஈகையின் பெருமை அதன் அளவில் இல்லை, நாள் தவறாமையில் இருந்தது. வீட்டில் விருந்தானாலும் நோயானாலும் அந்த ஒரு பிடி தவறாது.

இன்று கலயத்தின் இடத்தை வங்கிக் கணக்கு எடுத்துக்கொண்டது. மாதத்தின் ஐந்தாம் நாள் நம் கணக்கிலிருந்து ஐந்நூறு ரூபாய் தானாகவே ஓர் இல்லத்தின் கணக்கிற்குச் செல்ல ஏற்பாடு செய்துவிடலாம். ஆனால் பாட்டிக்கு இல்லாத ஒரு சுமை நமக்கு உண்டு. யாருக்கு என்பதை நாமே முடிவு செய்தாக வேண்டும். தவக்காலம் நெருங்கினால் போதும், முதியோர் இல்லம், சிறார் இல்லம், பார்வையற்றோர் பள்ளி, குடிநோய் மீட்பு மையம் என வேண்டுகோள்கள் வந்து குவியும். பொய்யரை விலக்குவதுகூட எளிது. மெய்யான தேவையோடு வருவோருள் சிலரை மட்டும் தேர்வதே கடினம்.

அன்பியக் கூட்டம் ஒன்றில் இதைப் பேசியபோது, ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி ஒருவர், "சாமி, ஒருத்தருக்குக் குடுக்கிறோம்னா மத்த பத்துப் பேருக்கு இல்லைன்னுதானே அர்த்தம்? அதை யாரு போய்ச் சொல்றது?" என்று கேட்டார். எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பகிர்ந்துவிடலாமே என்றார் இன்னொருவர். நம்மில் பலர் கைக்கொள்ளும் வழி அதுதான். அதனால் நம் மனம் அமைதி பெறலாம். பெறுபவருக்குப் பயன் சிறிதே. ஆண்டுக்கு ஆறாயிரம் ரூபாயைப் பன்னிரண்டு இல்லங்களுக்கு ஒருமுறை ஐந்நூறாக அனுப்பினால், எந்த இல்லமும் அதை நம்பி ஒரு செவிலியரை அமர்த்த முடியாது. அடுத்த ஆண்டும் வரும் என்று உறுதியாகத் தெரிந்த பணத்தைக் கொண்டுதான் ஊதியம் பேச முடியும்.

இரக்கம் பொங்கி எழும்போது மட்டும் கொடுத்தால் என்ன நேரும் என்பதை 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கண்டோம். நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் யாரும் உடுத்தாத பழந்துணிகள் மலைபோல் கிடந்தன. பின்னர்ப் படகுகள், சில ஊர்களில் தேவைக்கு மிகுதியாகவே வந்து சேர்ந்தன. அந்த நாள்களின் கொடையாளரை இகழ்வதற்கில்லை. பெருந்துயரில் கை தானாகவே நீளும். ஆனால் செய்தித்தாளில் இடம்பெறாத துயரங்களுக்கு மாதக்கொடையன்றி வேறு துணையில்லை.

தொடக்கத் திருச்சபை இதை அறிந்திருந்தது. எருசலேம் ஏழைகளுக்காகக் காணிக்கை திரட்டிய திருத்தூதர் பவுல், தாம் வரும்போது அவசரமாகத் தண்டல் செய்ய வேண்டாம், வாரத்தின் முதல் நாள்தோறும் அவரவர் வருவாய்க்கேற்பச் சேர்த்து வையுங்கள் என்று கொரிந்தியருக்கு எழுதினார். இதை நாம் மறையுரைகளில் அடிக்கடி சொல்கிறோம். அதே காணிக்கையைக் குறித்து அவர் செய்த மற்றோர் ஏற்பாட்டை அவ்வளவாகச் சொல்வதில்லை. பணத்தைக் கையாளுவதில் பழிச்சொல் எழாதிருக்க, சபைகளே தேர்ந்தெடுத்த ஒரு சகோதரரையும் உடன் அனுப்பினார். திருத்தூதரே கணக்குக்கு உட்பட்டார் எனில், வரவு செலவு கேட்டால் முகம் சுளிக்கும் இல்லத் தலைவரை நாம் ஏன் தாங்கிப் பேச வேண்டும்? அவர் அங்கி அணிந்தவரானாலும் இதுவே என் கருத்து.

ஆயினும் தணிக்கை அறிக்கையைப் படிப்பது மட்டும் போதாது. நேரில் போய்ப் பார்க்க வேண்டும். 1833-இல் பாரிசில் ஓசானாம் என்ற இருபது வயது மாணவர் நண்பர்களோடு தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை, ஏழையின் வீட்டுப் படியேறுவதையே தன் முதற்கடமையாகக் கொண்டது. அப்படிப் பார்ப்பார் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு, நமக்குத் தொலைவில் இல்லாத இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியே சான்று. உறவினரிடம் பணம் பெற்றுக்கொண்டு மனநோயாளரை வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றில், 2001 ஆகஸ்டு 6 அன்று தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் தப்பியோட முடியவில்லை. இருபத்தெட்டுப் பேர் மாண்டனர். "எங்கள் பணத்தில் எத்தனை விழுக்காடு நேரடியாக ஏழைக்குப் போகிறது?" என்று கேட்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். மனநலக் காப்பகத்தில் சங்கிலியின் இடத்தை நிரப்புபவர் பயிற்சி பெற்ற பணியாளர். அவருடைய ஊதியத்தை நிர்வாகச் செலவு என்று கழித்துவிட்டால் அங்கே அறம் என்று எதுதான் எஞ்சும்?

நல்ல பணி என்பதாலேயே நம் பணம் அங்கே தேவை என்றாகிவிடாது. மதுரையில் மருத்துவர் வெங்கடசாமி 1976-இல் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கட்டணம் செலுத்துவோரால் வரும் வருவாயைக் கொண்டே செலுத்த இயலாதோருக்கும் பார்வை தந்து வளர்ந்தது. அதைக் கண்டு பெருமைப்படுவோம். நம் ஐந்நூறு ரூபாயோ, அது நின்றுபோனால் ஒரு பணியும் நின்றுபோகக்கூடிய இடத்தைத் தேடட்டும்.

அப்படியோர் இடத்தைத் தேடி எங்கள் பகுதியினர் தொலைவுக்குப் போக வேண்டியதில்லை. 2011-இல் மதுரை மாநகராட்சியோடு இணைந்த ஆனையூரிலேயே இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. தமிழ்நாட்டில் இத்தகைய முகாம்கள் நூறுக்கும் மேல். 1983 கலவரத்தையடுத்துப் பெற்றோரின் இடுப்பிலேறி வந்த குழந்தைகள் இன்று பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டார்கள். 2021-இல் தமிழக அரசு அவற்றை மறுவாழ்வு முகாம்கள் என்று அழைக்கப் பணித்தது. குடும்பத் தலைவருக்குரிய மாத உதவியையும் 1,500 ரூபாயாக உயர்த்தியது. வரவேற்கத்தக்கதே. ஆனால் அந்தத் தொகையில் ஒரு மகளைக் கல்லூரிக்கு அனுப்பிப் பாருங்கள்! பட்டப்படிப்பு மூன்றாண்டு நீள்வது. முதலாண்டு கட்டணத்தைக் கொடுத்துவிட்டு இரண்டாமாண்டு மறந்துவிடும் ஈகை, அந்தப் பெண்ணைப் பாதி ஆற்றில் இறக்கிவிடும் ஓடம். தந்தை செல்வாவின் மகன் சந்திரகாசன் 1984-இல் நிறுவிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் கல்விக்கு முதலிடம் தந்தது. ஏதிலியரே ஏதிலியருக்காக உழைத்த அமைப்பு அது. இயேசு சபையினரின் அகதிகள் பணியும் இம்முகாம்களில் நெடுங்காலமாகத் தொடர்கிறது. எந்த வழியாகக் கொடுத்தாலும், மூன்றாண்டுக்கென்று வாக்களித்துக் கொடுக்க வேண்டும்.

நம் மக்களுக்கு மட்டும் கொடுத்தால் போதாதா என்றும் சிலர் கேட்கிறார்கள். முகாமில் ஆலயத்திற்கு வருபவரும் உண்டு, கோவிலுக்குப் போகிறவரும் உண்டு. கல்லூரி எல்லாரிடமும் ஒரே கட்டணத்தைத்தான் கேட்கிறது.

நான் சொல்லக்கூடிய வழி இதுதான். இரண்டு பணிகள், மிஞ்சினால் மூன்று. அவற்றுள் ஒன்றாவது பேருந்தேறிப் போய்ப் பார்த்துவரக்கூடிய தொலைவில் இருக்கட்டும். வீட்டு வாசலில் வந்து நிற்பவருக்கு இந்தக் கணக்கைக் காட்டலாகாது. அவருக்கெனச் சில்லறைப் பை ஒன்று தனியே இருக்க வேண்டும். 'திதாக்கே' என்னும் தொன்மையான படிப்பினை நூல், கேட்பவர் எவருக்கும் கொடுக்கச் சொல்லிய கையோடு, பெறுபவர் யாரென்று தெரியும்வரை காசைக் கைக்குள் வைத்திருக்கவும் சொல்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று முரண்படுவதாக உரையாசிரியர்கள் குழம்பினாலும், குடும்பம் நடத்துகிற பெண்களுக்கு அதில் குழப்பமே இல்லை.

இனி, ஆலைத் தொழிலாளரின் கேள்வி. யார் போய்ச் சொல்வது? வேண்டுகோள் பெற்றவரே சொல்ல வேண்டும், அதுவும் காலம் தாழ்த்தாமல். வருமோ வராதோ என்று ஓர் இல்லம் ஈஸ்டர்வரை காத்திருப்பதைவிட, இவ்வாண்டு இயலாது என்ற இரண்டு வரி முன்னதாகவே கிடைத்தால், அவர்கள் வேறு கதவைத் தட்டிப் பார்க்க நாள் இருக்கும். அதற்குச் செலவு ஓர் அஞ்சலட்டைதான்.