நுரையும் நறுமணமும்



தாடி வைத்த மௌலவிக்குச் சவரச் சவர்க்காரத்தோடு என்ன வேலை என்று நீங்கள் சிரிக்கக் கூடும். தாடியை வளரவிட்டு மீசையைக் கத்தரிப்பது நபிவழி, அதில் மாற்றமில்லை. ஆனால் கன்னத்தின் மேற்புறத்திலும் கழுத்திலும் முளைப்பதை ஒதுக்க வேண்டாமா? வெள்ளிக்கிழமை காலையில் அதற்கென்று கால்மணி நேரம் வைத்திருக்கிறேன். சிறு கிண்ணத்தில் சந்தன மணமுள்ள சவர்க்காரம். வெந்நீரில் நனைத்த பிரஷ்ஷைச் சுழற்றினால் பாலாடை போல நுரை திரளும். ஜும்ஆவுக்குக் குளித்து, பல் துலக்கி, இருக்கின்ற நறுமணத்தைப் பூசிச் செல்லும்படி நபி (ஸல்) அவர்கள் காட்டிய ஒழுங்கின் தொடக்கமாகவே அந்த வேலை எனக்குத் தோன்றும்.

எல்லாச் சவர்க்காரமும் இப்படி நுரைக்காது. நமது தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரம் பெரிய குமிழிகளாக நுரைத்துச் சீக்கிரம் அடங்கிவிடும். சவரத்துக்கு நுரை முகத்தில் நிற்க வேண்டும். அதற்காக ஸ்டியரிக் அமிலம் மிகுந்த கொழுப்பைச் சேர்த்து, சோடியக் காரத்தோடு பொட்டாசியக் காரத்தையும் கலந்து காய்ச்சுகிறார்கள். சவர்க்காரம் காய்ச்சும் கலையில் முஸ்லிம் ஊர்களுக்குப் பெரிய பெயர் உண்டு. அலெப்போவில் ஒலிவ எண்ணெயோடு லோரல் எண்ணெயைச் சேர்த்துக் காய்ச்சி, வெட்டி அடுக்கி, மாதக்கணக்கில் காயவைப்பார்கள். பலஸ்தீனத்தின் நாப்லுஸிலும் ஒலிவ எண்ணெய்ச் சவர்க்காரம் பேர்போனது. இவ்விரு ஊர்களின் கைத்திறனையும் 2024 டிசம்பரில் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

எங்கள் பக்கத்துத் தாய் ஒருவர் ஒரு பொதியைக் கொண்டு வந்து காட்டினார். "மௌலவி, என்ட மகன் கட்டாரில இருந்து கொண்டு வந்தது. மணம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இது நமக்கு ஆகுமா? காசும் வீண்தானே?" என்று கேட்டார். பல வீடுகளுக்கும் உரிய கேள்வி என்பதால் அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் பிரஷ்ஷைப் பாருங்கள். சவர பிரஷ்கள் பன்றி மயிரிலும், பேட்ஜர் என்னும் காட்டு விலங்கின் மயிரிலும், குதிரை மயிரிலும், நைலோன் போன்ற செயற்கை இழையிலும் செய்யப்படுகின்றன. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் பன்றி மயிர் நஜீஸ். ஈரத்தோடு பட்ட இடத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்து, கழுவ வேண்டியதாகும். உண்ண ஆகாத பிராணியின் மயிரும் நஜீஸ்தான். ஆகவே செயற்கை இழையே நிம்மதி, விலையும் குறைவு. அடுத்தது கொழுப்பு. உறையில் 'டாலோ' அல்லது 'சோடியம் டாலோவேட்' என்றிருந்தால் அது மிருகக் கொழுப்பு. சவர்க்காரமாக மாறிவிட்டால் சுத்தமாகிவிடும் என்பது ஹனபி மத்ஹபின் சட்டம். நமது மத்ஹபில் அப்படியில்லை. ஸ்டியரிக் அமிலம் பாம் எண்ணெயிலிருந்தும் வரும், மிருகத்திலிருந்தும் வரும். தாவர எண்ணெய் என்று தெளிவாகப் போட்டிருப்பதை வாங்குங்கள்.

பிறகு காசு. நறுமணம் நமது மார்க்கம் வெறுத்த பொருளல்ல. அறியாமைக் காலத்தில் குழந்தைக்காக ஆடறுத்து அதன் இரத்தத்தைக் குழந்தையின் தலையில் பூசுவார்கள்; இஸ்லாம் வந்த பின் தலைமுடி களைந்து குங்குமப்பூவைப் பூசினார்கள் என்று அபூதாவூதில் வருகிறது. இரத்தம் இருந்த இடத்துக்கு மணம் வந்தது! மாசக்கணக்கில் உழைக்கும் ஒரு கிண்ணச் சவர்க்காரம் வீண்விரயமாகாது. அலுமாரியில் பத்துக் கிண்ணம் சேர்த்து வைத்து, பிள்ளையின் கொப்பிக்குக் காசில்லை என்றால் அதுதான் வீண்விரயம்.

கடைசியாக, உங்கள் உரிமை ஒன்று. மனைவி தனக்காக அலங்கரிப்பதை விரும்புவது போலவே, மனைவிக்காகத் தான் அலங்கரித்துக்கொள்வதையும் விரும்புவதாக இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் கூறியிருக்கிறார்கள். வயலிலும் கடலிலும் கடையிலும் உழைத்துவிட்டு வரும் நம் ஆண்களில் பலர், அலங்காரம் பெண்ணுக்கு மட்டும் உரிய கடமை என்றே நினைக்கிறார்கள். வியர்வையோடும் பீடி நாற்றத்தோடும் வரும் கணவனிடம் சொல்ல முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் சகோதரிகளை நான் அறிவேன். குடும்பப் பிணக்கு என்று எங்களிடம் வரும் சில வழக்குகளின் அடியில் இந்தச் சிறு விஷயம் கிடக்கிறது. வெட்கத்தால் யாரும் வாய் திறப்பதில்லை.

குறை சொல்லித் தொடங்காதீர்கள். பெருநாளைக்குச் சட்டைத் துணி எடுக்கும்போது நல்ல சவர்க்காரம் ஒன்றையும் வாங்கிக் கொடுங்கள். நறுமணம் கொடுக்கப்பட்டால் மறுக்க வேண்டாம் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. அதை அவருக்கு நினைவூட்டுங்கள். வளரும் மகனுக்கும் இப்போதே பழக்கிவிடுங்கள். நாளை உங்கள் வீட்டுக்கு வரும் மருமகள் உங்களுக்காக துஆச் செய்வாள்.

அல்லாஹ் நமது உடல்களையும் உள்ளங்களையும் தூய்மையாக்கி வைப்பானாக. ஆமீன்.